பேப்பர் வாசிக்கும் பருவம்

ஆங்கில இலக்கியத் துறைகளில் கருத்தரங்கப் பருவம் களைகட்டிவிட்டது. வந்திருக்கும் கடிதங்களில் பாதி முதுகலை மாணவர்களும் முனைவர் பட்ட ஆய்வாளர்களும் எழுதியவை. இந்த முறை பதில்கள் அவர்களுக்கு மட்டும். மாமியார், மருமகள் கேள்விகள் அடுத்த இதழில்.

கே: கருத்தரங்குக்குப் போவதால் என்னதான் கிடைக்கும்?
- எம்.ஏ. முதலாண்டு மாணவர், விருதுநகர்

ப: ஒரு பை, ஒரு நோட்டு, எழுதாத பேனா, ஒரு சான்றிதழ். ஐந்தாவதாக ஒன்று உண்டு: உங்கள் சந்தேகத்துக்குப் பதில். அதை மட்டும் பையில் போட்டுத் தர மாட்டார்கள். எழுந்து நின்று கேட்டால்தான் உண்டு.

கே: அழைப்பிதழில் ‘சர்வதேசக் கருத்தரங்கு’ என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் வந்திருந்த அத்தனை பேரும் பக்கத்து இரண்டு மாவட்டக்காரர்கள்!
- ஆய்வு மாணவி, நாமக்கல்

ப: அவசரப்படாதீர்கள். மாலையில் வளைகுடா நாட்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து நம்மூர்க்காரர் ஒருவர் ஜூமில் வந்து, “நான் பேசுவது கேட்கிறதா?” என்று மூன்று தடவை கேட்டிருப்பாரே! அந்த நிமிடத்தில் அது சர்வதேசமாகிவிட்டது.

கே: இரண்டு நாள் கருத்தரங்கு. முதல் நாள் காலை முழுக்கக் குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப்பரிசு. மறுநாள் மதியம் எனக்குக் கட்டுரை வாசிக்கக் கிடைத்தது நான்கு நிமிடம். நியாயமா?
- ஆய்வாளர், திருநெல்வேலி

ப: நியாயமில்லை. ஆனால் நான்கு நிமிடத்தைக் குறைத்து எடை போடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஒரு போட்டி தொடங்கியது. மூன்றே நிமிடம், ஒரே ஒரு ஸ்லைடு, அதற்குள் முழு ஆய்வையும் சொல்லி முடிக்க வேண்டும். அப்போது அந்த மாநிலத்தில் கடும் வறட்சி. தண்ணீரை மிச்சப்படுத்த, குளியலறைச் சுவரில் மூன்று நிமிடக் கடிகாரத்தை மாட்டிக்கொண்டு மக்கள் குளித்தார்கள். அதிலிருந்து பிறந்த யோசனை இது. இன்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. 80,000 சொல் ஆய்வேட்டை வாய்விட்டு வாசித்தால் ஒன்பது மணி நேரம் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. அவர்களைவிட உங்களுக்கு ஒரு நிமிடம் கூடுதல்!

விளையாட்டு போதும். எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் கட்டுரையை மூன்று அளவில் கொண்டுபோங்கள். இருபது நிமிடத்துக்கு ஒன்று, அதாவது ஆங்கிலத்தில் சுமார் 2,400 சொல். பத்து நிமிடத்துக்கு ஒன்று. ‘நேரமாகிவிட்டது, சீக்கிரம் முடியுங்கள்’ என்று தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பும்போது வாசிக்க அரைப்பக்கத்தில் ஒன்று. ஷேக்ஸ்பியர் எந்த ஊரில் பிறந்தார் என்பதில் மட்டும் தொடங்காதீர்கள். அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரியும், சாப்பாடு பரிமாறுபவர் உட்பட. நாவலில் உங்களை உறுத்திய ஒரு பத்தியை முதலில் வாசியுங்கள். ஏன் உறுத்தியது என்று சொல்லுங்கள். நான்கு நிமிடம் தாராளமாகப் போதும்.

கே: ஐ.எஸ்.பி.என். எண்ணுடன் நூலாக வெளியிடுவோம் என்று கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
- எம்.ஏ. இரண்டாமாண்டு மாணவி, தஞ்சாவூர்

ப: அந்த எண்ணை ஏதோ அக்மார்க் முத்திரை போல விற்கிறார்கள். அது புத்தகத்தை அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான். நம் நாட்டில் அதைக் கொடுப்பது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய நிறுவனம். இலவசமாகவே கொடுக்கிறது. சமையல் குறிப்புக்கும் அந்த எண் உண்டு, ராசிபலனுக்கும் உண்டு. ஆகவே நீங்கள் கட்டும் பணம் எண்ணுக்கு அல்ல. அச்சுக்கூலிக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருக்கிறது. கட்டுரைகளை முன்கூட்டியே வாங்கி அச்சடித்து, தொடக்க விழா மேடையிலேயே ரிப்பன் பிரித்து நூலாக வெளியிட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் கட்டுரை வாசிப்பே நடக்கிறது! குழந்தைக்குப் பெயர் வைத்துப் பள்ளியில் சேர்த்த பிறகு பெண் பார்க்கப் போவதைப் போல. வாசிக்கும்போது யாராவது, “மூன்றாம் பக்கத்தில் ஆண்டு தப்பு, நாவலின் முடிவையே நீங்கள் மாற்றிச் சொல்கிறீர்கள்” என்று எழுந்தால் என்ன செய்வது? நூல் ஏற்கெனவே சிறப்பு விருந்தினர் கையில் இருக்கிறது. கருத்தரங்கில் வாசிப்பதே திருத்திக்கொள்வதற்காக. திருத்த வழியில்லாத வாசிப்புக்கு யார் கேள்வி கேட்பார்கள்? அதனால்தான் யாரும் கேட்பதில்லை. ‘ஏன் நம் மாணவர்கள் வாயே திறப்பதில்லை?’ என்று பிற்பகலில் அங்கலாய்க்கும் பேராசிரியர்கள், காலையில் அவிழ்த்த ரிப்பனைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

கே: நான் வாசித்த கட்டுரை இரண்டு வருடமாகியும் நூலில் வரவில்லை.
- ஆய்வாளர், காரைக்குடி

ப: காயத்ரி ஸ்பிவாக் 1983இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக மாநாட்டில் பேசிய பேச்சுதான், விளிம்புநிலை மக்களால் பேச முடியுமா என்று கேட்கும் அவருடைய புகழ்பெற்ற கட்டுரையாக வளர்ந்தது. நூலில் வந்த ஆண்டு 1988. உங்களுக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி இருக்கிறது.

கே: முனைவர் பட்டத்துக்கு இத்தனை கருத்தரங்கில் வாசித்தாக வேண்டும் என்று விதி இருக்கிறதா, இல்லையா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
- ஆய்வாளர், வேலூர்

ப: இருந்தது. யு.ஜி.சி.யின் 2016ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரை ஆய்விதழில் வர வேண்டும், இரண்டு கட்டுரைகள் கருத்தரங்கில் வாசித்திருக்க வேண்டும். 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறையில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் பல்கலைக்கழகங்கள் தம் அளவில் நிபந்தனை வைத்துக்கொள்ளலாம். எனவே உங்கள் பல்கலைக்கழக விதியைப் படியுங்கள். சீனியர் சொன்னார், கேன்டீனில் கேட்டேன் என்பதெல்லாம் சட்டமாகாது. இன்னொன்று: தரமான இதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த ‘கேர்’ பட்டியலும் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டுவிட்டது. ‘கேர் பட்டியல் இதழ்’ என்று சொல்லி இன்னும் யாராவது பணம் கேட்டால், காலாவதியான மருந்தை விற்பவரைப் பார்ப்பது போலப் பாருங்கள்.

கே: எம்.ஏ. படிக்கும் என்னை ‘மாண்புமிகு பேராசிரியரே’ என்று அழைத்து, பாரிஸ் மாநாட்டில் தலைமை தாங்கக் கூப்பிட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது!
- மாணவர், ஈரோடு

ப: வாழ்த்துகள். எனக்கும் வந்தது, இதய அறுவை சிகிச்சை மாநாட்டுக்கு. அமெரிக்காவின் கொலராடோவில் ஜெஃப்ரி பீல் என்ற நூலகர் இப்படிப் பணம் பிடுங்கும் இதழ்களையும் பதிப்பகங்களையும் பட்டியல் போட்டு வைத்திருந்தார். 2017 ஜனவரியில் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார். பட்டியல் போனாலும் சோதனை எளிது: உங்கள் கட்டுரையைக் கேட்கும் முன்பே வங்கிக் கணக்கு எண் வருகிறதா?

கே: ஆய்வுத் தலைப்பு கிடைக்காமல் திண்டாடுகிறேன். எதை எடுத்தாலும் ‘ஏற்கெனவே செய்துவிட்டார்கள்’ என்கிறார் கைடு.
- ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

ப: டேவிட் லாட்ஜ் 1984இல் ‘ஸ்மால் வேர்ல்ட்’ என்று ஒரு நாவல் எழுதினார். ஆங்கிலப் பேராசிரியர்கள் மாநாடு மாநாடாக விமானத்தில் பறப்பதுதான் கதை. அதில் பெர்ஸ் என்கிற இளம் அயர்லாந்துக்காரன் ஷேக்ஸ்பியருக்கும் எலியட்டுக்கும் உள்ள தொடர்பை ஆய்ந்தவன். யாரோ கேட்கும்போது வாய்க்கு வந்தபடி, ‘ஷேக்ஸ்பியர் மீது எலியட்டின் தாக்கம்’ என்று தலைப்பைத் திருப்பிப் போட்டுச் சொல்லிவிடுகிறான். கேட்டவர்கள் அசந்துபோகிறார்கள்! யோசித்தால் அதில் விஷயம் இருக்கிறது. எலியட்டைப் படித்தவன் ஷேக்ஸ்பியரைப் பழைய மாதிரி படிப்பானா? உங்கள் தலைப்பையும் ஒருமுறை தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். ஆனால் கைடு முன்னால் சிரித்துக்கொண்டே சொல்லாதீர்கள்.

கே: பெரிய எழுத்தாளர்கள் கூட்டத்துக்கு வந்தால் கிட்டப் போகவே கூச்சமாக இருக்கிறது. செல்ஃபி மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.
- எம்.ஏ. மாணவர், நாகர்கோவில்

ப: 1962 ஜூனில் உகாண்டாவின் மகெரெரே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் மாநாடு கூடியது. சினுவா அச்செபே, வோலே சொயிங்கா எல்லாம் வந்திருந்தார்கள். அதே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவருக்கும் அழைப்பு கிடைத்தது. அவர் கையிலிருந்த தகுதி இரண்டே சிறுகதை. அதிலும் ஒன்று வெளியானது துறையின் மாணவர் இதழில்! அந்த மாணவர் செல்ஃபி எடுக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த நாவலின் கைப்பிரதியை அச்செபேயிடம் கொடுத்து, படித்துப் பாருங்கள் என்றார். அச்செபேயும் படித்தார். அந்த நாவல் 1964இல் ‘வீப் நாட், சைல்டு’ என்று வெளிவந்தது. மாணவரின் பெயர் கூகி வா தியாங்கோ.

கதை அத்தோடு முடியவில்லை. அந்த மாநாட்டுக்கு ஆப்பிரிக்க மொழிகளில் எழுதிய பெரிய எழுத்தாளர்களை ஏன் கூப்பிடவில்லை, இரண்டு கதை எழுதிய என்னை மட்டும் ஏன் கூப்பிட்டார்கள் என்று பிற்பாடு கூகியே கேட்டார். 1968இல் நைரோபி பல்கலைக்கழகத்தில் இரண்டு சகாக்களுடன் சேர்ந்து, ஆங்கிலத் துறையையே ஒழிக்க வேண்டும் என்று குறிப்பு எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத் துறை ஆசிரியராக இருந்துகொண்டே! அழைத்தவர்களையும் கேள்வி கேட்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கூச்சத்துக்கு வருகிறேன். வருபவரின் ஒரு புத்தகத்தையாவது முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள். அதில் புரியாத ஓர் இடத்தைக் காட்டிக் கேளுங்கள். எழுத்தாளர்கள் செல்ஃபிக்குச் சிரிப்பார்கள், இதற்கு உட்காருவார்கள்.

கே: தமிழ் வழியில் படித்தவள். மேடையில் என் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு முன்வரிசை சிரிக்குமோ என்று பயம்.
- ஆய்வு மாணவி, அரியலூர்

ப: ஜோசப் கான்ராடுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. இருபது வயதுக்கு மேல்தான் ஒழுங்காகக் கற்றார். கடைசி வரை உச்சரிப்பில் போலந்து வாடை போகவில்லை. முன்வரிசை முழுக்க நெட் தேர்வுக்கு அவர் நாவலைத்தான் படித்துக்கொண்டிருக்கிறது.

கே: கட்டுரை வாசித்து முடித்ததும் ஒருவர் எழுந்து ஏகப்பட்ட குறை சொன்னார். அவமானமாகிவிட்டது.
- ஆய்வாளர், மதுரை

ப: உங்கள் ஊர் பாண்டியன் அவையில் தொல்காப்பியமே அப்படித்தான் அரங்கேறியது என்கிறது அதன் பாயிரம். அதங்கோட்டாசான் எதிரே உட்கார்ந்து கேட்க, ஐயம் தீரச் சொல்லிக்காட்ட வேண்டியிருந்தது. வைவா என்ற பெயர்தான் புதிது. நன்னூல் இன்னும் ஒருபடி மேலே போய், நூலுக்கு வரக்கூடிய குற்றங்கள் பத்து என்று பட்டியலே கொடுக்கிறது. கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், போகப்போகத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் முடிதல் எல்லாம் அதில் உண்டு. ஆங்கிலத் துறைக்காரர்கள் ஒருமுறை அந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. உங்களைக் குறை சொன்னவர் நீங்கள் வாசித்ததை முழுக்கக் கேட்டிருக்கிறார். அந்த அரங்கில் அப்படி எத்தனை பேர் இருந்தார்கள்?

கே: கேள்வி நேரத்தில் ஒருவர் மைக்கை வாங்கி எட்டு நிமிடம் தன் ஆய்வைப் பற்றியே பேசினார். கடைசியில் கேள்வியே இல்லை!
- மாணவர், திருச்சி

ப: அடுத்த கருத்தரங்கின் சிறப்பு விருந்தினரைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

கே: சுருக்கத்தைச் சாட்ஜிபிடியை எழுதவைத்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். கட்டுரையையும் அதையே எழுதச் சொல்லலாமா?
- பெயர் வேண்டாம், சென்னை

ப: தாராளமாக. வாசிக்கவும் அதையே அனுப்பிவிடுங்கள். சாப்பாட்டுக்கு மட்டும் நீங்கள் போங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண் கொடுக்கும் பழக்கம் அதற்கு உண்டு. தலைவர் அந்தப் புத்தகத்தைக் காட்டச் சொன்னால், நிற்கப்போவது நீங்கள்.

கே: கட்டுரை எழுதியது நான். முதல் பெயராகக் கைடின் பெயரைப் போடச் சொல்கிறார்கள்.
- ஆய்வாளர் (மாவட்டம்கூடப் போட வேண்டாம்)

ப: அறிவியல் துறைகளில் ஆய்வகம், கருவி, நிதி எல்லாம் கைடு வழியாக வருகின்றன. அங்கே கூட்டாகப் பெயர் போட ஒரு முகாந்திரம் இருக்கிறது. இலக்கியத்தில் கருவி உங்கள் கண்ணும் நூலக அட்டையும்தான். எழுதியவர் பெயர்தான் எழுதியவர் பெயர். கைடுக்கு நன்றியுரையில் ஒரு பத்தி, மனசாரச் சொல்லுங்கள். இதை நான் சொன்னதாக மட்டும் வைவா முடியும்வரை வெளியே விடாதீர்கள்.

கே: எங்கள் துறை இலக்கிய மன்றத் தொடக்க விழாவுக்கு யாரை அழைக்கலாம்? ‘பெரிய ஆளாக’ இருக்க வேண்டும் என்கிறார்கள்.
- மன்றச் செயலாளர், பெண்கள் கல்லூரி, கும்பகோணம்

ப: 1928 அக்டோபரில் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில், நியூனமிலும் கிர்ட்டனிலும், மாணவிகளின் மன்றங்கள் ஒரு நாவலாசிரியையைப் பேச அழைத்தன. பெண்களும் புனைகதையும் என்று பொருள். வந்தவர் வர்ஜீனியா வுல்ஃப். அந்தப் பேச்சு வளர்ந்து மறு ஆண்டு ‘எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்’ ஆனது. கேம்பிரிட்ஜ் அப்போது பெண்களுக்கு முழுப் பட்டம்கூடக் கொடுக்கவில்லை. அதற்கு 1948 வரை ஆனது. பட்டம் இல்லாத மாணவிகள் ஒரு மன்றக் கூட்டம் போட்டதால் உலகத்துக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. உங்கள் மன்றம் அதைவிடச் சின்னதா?

எழுதிக்கொண்டிருக்கும் ஆளை அழையுங்கள். ஒரு மாதம் முன்பே அவர் புத்தகத்தை வகுப்பில் சுற்றுக்கு விடுங்கள். பேச்சு நாற்பது நிமிடம் என்றால் கேள்விக்கும் நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். சாப்பாட்டை மறக்காதீர்கள். ஆண்கள் கல்லூரியில் மீனும் கௌதாரியுமாக நடந்த மதிய விருந்தையும், பெண்கள் கல்லூரியில் பரிமாறிய சப்பென்ற இரவுச் சாப்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வுல்ஃப் தன் வாதத்தையே கட்டினார். எழுத்தாளர்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்கள்.

கே: இலக்கியத் திருவிழா, கல்விக் கருத்தரங்கு: இரண்டில் எது மேல்?
- எம்.ஏ. மாணவி, பொள்ளாச்சி

ப: 2006இல் தொடங்கிய ஜெய்ப்பூர் திருவிழா தூரம். கோழிக்கோடு கடற்கரையில் 2016 முதல் நடக்கும் கேரள இலக்கியத் திருவிழா உங்களுக்குப் பக்கத்து வீடு, பாலக்காடு தாண்டினால் வந்துவிடும். ஒருமுறை போய்வாருங்கள். கல்லூரிப் பிள்ளைகள் மணலில் உட்கார்ந்து வாதம் கேட்பதைப் பார்ப்பதற்கே போகலாம். திருவிழாவில் எழுத்தாளர் வாசகருக்குப் பேசுவார். கருத்தரங்கில் ஆய்வாளர் ஆய்வாளருக்குப் பேசுவார். இரண்டும் வேண்டும்.

மூன்றாவது வகை ஒன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நடக்கும் சொற்பொழிவுகள், சாகித்திய அகாதெமி நடத்தும் கூட்டங்கள். பதிவுக் கட்டணம் கிடையாது, சான்றிதழும் கிடையாது. அதனால் கூட்டமும் கிடையாது. நல்ல இடமாகப் பார்த்து உட்காரலாம்.

இரண்டு மொழியும் தெரிந்த ஆங்கில மாணவர்கள் ஜனவரியில் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியையும் எட்டிப் பார்க்க வேண்டும். 2023இல் தமிழக அரசு தொடங்கியது. அங்கே பதிப்பாளர்கள் மொழிபெயர்ப்பு உரிமை பேசுகிறார்கள். தமிழிலிருந்து கொண்டுபோகவும் இங்கே கொண்டுவரவும் ஆள் தேவைப்படுகிறது. ‘ஆங்கில இலக்கியம் படித்தால் ஆசிரியர் வேலை தவிர வேறென்ன?’ என்று கேட்கும் சித்தப்பாவை அங்கே கூட்டிப்போகலாம்.

கே: ஒரே ஒரு கட்டுரை வாசித்துப் பெரிய ஆளானவர் யாராவது உண்டா?
- ஆய்வாளர், சிதம்பரம்

ப: தெரிதா. 1966 அக்டோபரில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அமைப்பியலை அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்த மாநாடு கூட்டியது. பார்த், லக்கான் எல்லாம் வந்தார்கள். தெரிதாவுக்கு வயது 36, கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டவர். வந்தவர், யாருக்கு வரவேற்பு வளைவு கட்டியிருந்தார்களோ அந்த அமைப்பியலின் அஸ்திவாரத்தையே தோண்டிவிட்டார். நம்மூரில் செய்திருந்தால் நினைவுப்பரிசு வந்திருக்காது.

கே: “எம்.எல்.ஏ. மாநாட்டுக்குப் போக ஆசை” என்றேன். அப்பா எந்தக் கட்சி என்று கேட்கிறார்!
- ஆய்வு மாணவர், சிவகங்கை

ப: 1883இல் தொடங்கிய கட்சி, தலைமையகம் நியூயார்க் என்று சொல்லுங்கள். மாடர்ன் லாங்வேஜ் அசோசியேஷன் மாநாடு ரொம்ப காலம் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் நடந்தது. பேராசிரியர்களின் குடும்பங்கள் சபித்தனவோ என்னவோ, 2011 முதல் ஜனவரிக்கு மாறிவிட்டது. நெடுங்காலம் அதுதான் அமெரிக்க ஆங்கிலத் துறைகளின் வேலைச் சந்தை. ஹோட்டல் அறையில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நேர்முகத் தேர்வுக்குப் பதில் சொன்னவர்கள் ஏராளம். லாட்ஜ் நாவலின் உச்சக் காட்சியும் அந்த மாநாட்டு மேடைதான். ஜாம்பவான்கள் ஆளுக்கொரு கோட்பாடு முழங்கி முடித்ததும், பெர்ஸ் எழுந்து, நீங்கள் சொல்வதை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு என்ன செய்வீர்கள் என்கிற மாதிரி ஒரு கேள்வி போடுகிறான். ஒருவருக்கும் பதில் வரவில்லை. அவன் அங்கே கட்டுரை எதுவும் வாசிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கே: கடைசியாக ஒன்று. கருத்தரங்கில் காதல் மலருமா?
- எம்.ஏ. இரண்டாமாண்டு மாணவர், பாளையங்கோட்டை

ப: மலரும். அதே பெர்ஸ் ஒரு கருத்தரங்கில் ஏஞ்சலிக்கா என்ற ஆய்வு மாணவியைப் பார்த்து மயங்கி, கவிதைக்குக் கிடைத்த பரிசுப் பணத்தைச் செலவழித்துக் கண்டம் கண்டமாக, மாநாடு மாநாடாக அவளைத் தேடி அலைகிறான். கடைசியில் அவளுக்கு வேறொருவருடன் நிச்சயமாகியிருக்கிறது. நீங்கள் தூத்துக்குடி வரைக்கும்தானே போகப்போகிறீர்கள், முயன்று பாருங்கள். பதிவுக் கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது.